முப்பத்தொரு விடைத்தாள்கள்

வரலாற்று சாருக்குக் காய்ச்சல்.
ஆகவே கணக்கு டீச்சரான நான்
ஏழாம் வகுப்பை இரண்டிரண்டாய்க் கைகோத்து
கஸ்தூர்பா சாலையைக் கடத்தினேன்.
முப்பத்துமூன்று ஒற்றைப்படை எண்.
வரிசையின் வாலில் எபிநேசர்
ஜோடியில்லாமல் வந்தான்.

என் கையில் சார் தந்த தாள்:
தக்கோலப் போரில் வென்றவர் யார்,
உயிர்துறந்தவர் யார்.
கோடிட்ட இடங்கள்
வாய் திறந்து காத்திருந்தன.

சிவப்புக் கட்டடத்துக்குள்
செருப்புச் சத்தம் திடீரென்று பெரிதாகிவிட
பிள்ளைகள் தாமாகவே மெல்ல நடந்தார்கள்.
ஆதகூர்க் கல்லில்
ஒரு நாய். ஒரு பன்றி.
ஆயிரம் வருஷத்துக்கு மேலாகியும்
ஒன்றையொன்று விட்டபாடில்லை.

கன்னட மிஸ் புஷ்பவல்லி
எழுத்தை எட்டிப் பார்த்துவிட்டு
'பழைய கன்னடம். எனக்கே பாதிதான்' என்றார்.
பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.
மிஸ்ஸுக்கும் வாசிக்கத் திணறுமா!

புரிந்த பாதியைச் சொன்னார்.
சோழ இளவரசன் மாண்ட போரில்
வீரம் காட்டிய ஒருவன்
தலைவனிடம் கேட்டுப் பெற்ற நாய் இது.
பெயர் காளி.
பிறகொரு நாள் பன்றியோடு மோதி
இரண்டுமே செத்தன.

'பொன்னு கேக்கலையா?' என்றாள் ரோஸ்லின்.
'நாயைத்தான் கேட்டானாம்.'

'அப்போ செத்தது நம்ம ராஜாவா?' என்றான் எபிநேசர்.
'நம்ம-ன்னா யாரு?' என்றது ஒரு குரல்.
புஷ்பவல்லி மிஸ் அல்ல, யோகவாணி.
அவள் அப்பாவுக்கு அரக்கோணம்,
போர் நடந்த பக்கம்.
அம்மாவுக்கு மத்தூர்,
கல் நின்ற பக்கம்.
நான் கரும்பலகையைத் தேடினேன்.
அங்கே கல் மட்டும் இருந்தது.

தொடக்கூடாது என்றார் காவலர்.
தொடாமலே கல்லின் உயரம் என்ன?
பக்கத்தில் ஒருவனை நிறுத்தி,
தரையோட்டை எண்ணி, கண்ணைச் சுருக்கி
ஏழு குழு, ஏழு உயரம்.
சண்டை முற்றியபோது முனிரத்னம்
'எல்லாத்தையும் கூட்டி ஏழால வகுத்துடலாமே' என்றான்.
இரண்டு வாரம் தொண்டை வற்றச்
சராசரி நடத்தியிருந்தேன் நான்.
அது இங்கே வந்து நிற்கிறது, செருப்பில்லாமல்.

என்ன வகைக் கல் இது?
சிற்பியின் உளி எதனால் ஆனது?
'தெரியவில்லை' என்ற தலைப்பில்
நோட்டில் இரண்டு பக்கம் நிரம்பியது.

கப்பன் பூங்கா மூங்கில் நிழலில்
டிபன் பாக்ஸ் திறக்கும் நேரம்
மிஸ்ஸுக்கு இன்னொரு வரி நினைவு வந்தது:
இந்தக் கல்லைத் தொழாமல்
பூசாரி சாப்பிட்டால் பாவம்.
மூடிகள் பாதியில் நின்றன.
'நாமதான் பூசாரி இல்லையே' என்று
சட்டம் பேசிய ரோஸ்லினே
முதலில் எழுந்து
அந்தக் கட்டடம் இருந்த திசையில்
ஒரு கும்பிடு போட்டாள்.
அப்புறம்தான் புளிசாதம்.

மறுவாரம் தேர்வு.
தக்கோலப் போரில் உயிர்துறந்தவர் யார்?
முப்பத்தொரு பேர் எழுதினார்கள்: காளி.
எபிநேசர் நாயையே வரைந்துவைத்தான்.
யோகவாணி மட்டும் இளவரசன் பெயரை எழுதி,
இடம் போதாமல் ஓரத்தில் மடக்கி
'நாய் பிறகு' என்று சேர்த்திருந்தாள்.

சார் கட்டைத் தூக்கி என் மேசையில் போட்டார்.
'என்னத்த காட்டிக் கூட்டிவந்தீங்க?'

தப்புதான். முப்பத்தொன்றும் தப்பு.
ஆனால் ஒரே தப்பை
இத்தனை பேர் காப்பியடிக்காமல் செய்து
நான் பார்த்ததில்லை.
'சார், அந்தக் கல் என்ன உயரம்?' என்றேன்.
'எந்தக் கல்?'

சனிக்கிழமை மறுபடி கிளம்பினோம்.
சாலையோரம், சிவப்பு விளக்கு.
இரண்டிரண்டாய்க் கோத்து வந்தேன்.
வாலில் எபிநேசர்
ஒரு கையை வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தான்.
சார் கொஞ்சம் யோசித்தார்.
முப்பத்துநான்கு, இரட்டைப்படை.